முழங்கைக்கு மேலே மூன்று விரல்

மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைகிற லேத்தில் ஒரு மணி நேரம் கடைசல் பிடித்துவிட்டு சுவிட்சை அணைக்கிறீர்கள். சீவல் குவியலிலிருந்து ஓரடி பின்னால் வந்ததும் உங்கள் கை தானாக உடம்பில் எங்கே போகிறது என்று ஒருநாள் கவனியுங்கள். இடுப்புக்குப் பின்னால் ஊன்றிக்கொண்டு முதுகை நெளித்தால் லேத் தாழ்வாக இருக்கிறது. கழுத்தும் தோளும் சேரும் இடத்தைப் பிசைந்துவிட்டால் உயரமாக இருக்கிறது. அளவு நாடாவைத் தேடுவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிதான் சிக்கல். எவ்வளவு உயர்த்துவது, எவ்வளவு இறக்குவது, அப்படி மாற்றினால் வேறு எது கெடும்?

மரவேலையில் மற்ற மேசைகளுக்கு உயரம் சொல்வது இவ்வளவு கஷ்டமில்லை. இழைப்புளி தள்ளுகிற பெஞ்ச் தாழ்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் உடம்பின் எடையை அதன்மேல் சாய்த்தாக வேண்டும். நுணுக்கமாகச் செதுக்குகிற மேசை உயரமாக இருப்பது நல்லது, ஏனென்றால் வேலை கண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். லேத்துக்கு இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். இன்னொரு வித்தியாசமும் உண்டு. இழைக்கிறவர் முன்னும் பின்னும் போய்வருகிறார், அறுக்கிறவர் தோளை ஆட்டுகிறார். கடைகிறவர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஓடுவது மரம்தான். அவர் உடம்பு இடமும் வலமுமாகக் கொஞ்சம் சாய்வதோடு சரி. இப்படி ஒரே நிலையில் நிற்கும் உடம்புக்கு மூன்று செ.மீ. தப்பும் மாலைக்குள் தெரிந்துவிடும்.

ஏன் என்று கணக்காகவே பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு, தலை, கைகள் எல்லாம் சேர்த்து சுமார் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் நேராக நின்றால் அந்த எடை இடுப்பின் மேலேயே இறங்கிவிடுகிறது. 20 பாகை முன்னால் குனிந்தால் அந்த எடையின் மையம் சுமார் 12 செ.மீ. முன்னே போய்விடும். அவர் விழாமல் பின்னால் இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைகளோ முதுகெலும்புக்கு ஐந்து செ.மீ. அளவுதான் பின்னால் இருக்கின்றன. தராசின் ஒரு பக்கம் 12, மறுபக்கம் 5. ஆக, சும்மா குனிந்து நிற்பதற்கே அந்தத் தசைகள் 100 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான இழுவிசையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. 20 பாகை என்பது பெரிய குனிவுகூட இல்லை, பெட்டின்மேல், அதாவது லேத்தின் நீண்ட அடிப்பாகத்தின்மேல், எட்டிப் பார்ப்பதுபோலத்தான்.

சரி, வழக்கமாகச் சொல்லப்படும் விதிக்கு வருவோம். மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் நடுமையம் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அது. (இந்தக் கட்டுரையில் லேத்தின் உயரம் என்று நான் சொல்வதெல்லாம் தரையிலிருந்து அந்த நடுமையம் வரை உள்ள உயரம். பெட்டின் உயரமோ மேசையின் உயரமோ இல்லை.) ஏறக்குறைய எல்லாக் கடைசல்காரர்களும் புதிதாக வருகிறவருக்கு முதலில் சொல்வது இதைத்தான். மோசமான விதி இல்லை. உடல் அளவுகளைப் பற்றி 1966-இல் ட்ரில்லிஸ், கான்டினி இருவரும் தொகுத்த விகிதங்களின்படி, நிற்கும் ஒருவரின் முழங்கை உயரம் அவருடைய மொத்த உயரத்தில் 0.63 பங்கு. 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு 94 அல்லது 95 செ.மீ., 160-க்கு 101, 170-க்கு 107, 180-க்கு 113. குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் நடுவில் 19 செ.மீ. வித்தியாசம் வருவதைப் பாருங்கள். ஒரே அளவுக் காலோடு வரும் லேத் இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

இந்த விகிதம் சராசரிதான். உங்கள் கை நீளமோ கால் நீளமோ சராசரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அதனால் அளந்தே பாருங்கள். அளப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வேலைக்குப் போடும் அதே செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொள்ளுங்கள், அதன் தடிமனே இரண்டு மூன்று செ.மீ. வரும். லேத் முன்னால் விரிப்பு ஏதாவது இருந்தால் அதன்மேல் நில்லுங்கள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, தோளைத் தளர விட்டு, மேல்கையை விலாவோடு தொங்க விட்டு, முன்கையைத் தரைக்கு இணையாக மடக்குங்கள். முழங்கையின் அடி எலும்பு எங்கே இருக்கிறதோ அங்கே இன்னொருவர் பென்சிலால் கோடு போட வேண்டும். நீங்களே போடப் பார்த்தால் தலையைத் திருப்புவீர்கள், தோள் இறங்கும், கோடு இரண்டு செ.மீ. கீழே விழும். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு புத்தகத்தைச் சுவரோடு ஒட்டிக் கீழிருந்து மேலே நகர்த்துங்கள். அது முழங்கையைத் தொட்டதும் அப்படியே நிறுத்திக் கோடு போட்டால் போதும்.

இந்த விதி கையை மட்டும் பார்க்கிறது, கையில் இருக்கும் உளியைப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் இருக்கும் குறை இதுதான். கடைகிற உளி நீளமானது. அலகும் கைப்பிடியும் சேர்ந்து அரை மீட்டருக்கு மேல் போகும். முன்னால் உளி தாங்கியின் மேல் கிடக்கிறது, பின்னால் உங்கள் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. நல்ல கடைசல்காரர் கையால் உளியைத் தள்ளுவதில்லை. பின்கையை இடுப்பிலோ தொடையின் மேல்பக்கத்திலோ ஒட்டி வைத்துக்கொண்டு, காலை ஊன்றி உடம்போடு சாய்கிறார். உளி உடம்போடு போகிறது. அந்தப் பின்முனை எங்கே வந்து உட்காருகிறது என்பதை வைத்துத்தான் உயரம் சரியா தப்பா என்று சொல்ல முடியும்.

ஒரு உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். சதுரக் கட்டையை உருட்டாக்கும் வேலை, கையில் பெரிய கவுஜ், அதாவது வாய் குழிந்த உளி. முறைப்படி செய்தால் முதலில் உளியைத் தாங்கியின்மேல் வைக்க வேண்டும். பிறகு வெட்டுவாய்க்குக் கீழே உள்ள சாய்முகம் மரத்தில் உரச வேண்டும். அப்புறம்தான் கைப்பிடியை மெல்ல உயர்த்த வெட்டு தொடங்கும். சாய்முகம் மரத்தோடு முழுதாகப் படிந்திருக்கும்போது ஒரு எளிய வடிவியல் உண்மை வேலை செய்கிறது. உளியின் கூர்கோணம், கைப்பிடி கீழ்நோக்கிச் சரியும் கோணம், மையத்திலிருந்து எவ்வளவு மேலே வெட்டு விழுகிறது என்ற கோணம், மூன்றையும் கூட்டினால் 90 பாகை. உளியை மரத்துக்கு நேர் எதிரே பிடிக்கும்போது இது பொருந்தும். 45 பாகைக்குத் தீட்டிய கவுஜ் மையத்துக்கு 15 பாகை மேலே வெட்டினால் கைப்பிடி 30 பாகை சரிந்திருக்கும்.

இப்போது 170 செ.மீ. உயரமுள்ளவரை நிறுத்துங்கள். விதிப்படி லேத் 107-இல் இருக்கிறது. உளி தாங்கியும் கிட்டத்தட்ட அதே உயரம். தாங்கிக்குப் பின்னால் உளி 50 செ.மீ. நீண்டிருக்கிறது. 30 பாகைச் சரிவில் அதன் பின்முனை 25 செ.மீ. இறங்கிவிடும், அதாவது தரையிலிருந்து 82 செ.மீ. மேலே நிற்கும். அதே விகிதப் பட்டியலில் இடுப்பு மூட்டு ஆள் உயரத்தில் 0.53 பங்கு, இவருக்கு 90 செ.மீ. ஆக, கைப்பிடியின் முனை இடுப்பு மூட்டுக்கு 8 செ.மீ. கீழே, தொடையில் இருக்கிறது. அங்கே பின்கையைக் கொண்டுபோக வேண்டும் என்றால் வலத்தோள் இறங்க வேண்டும், உடம்பு ஒருபக்கமாக வளைய வேண்டும். லேத்தை 5 செ.மீ. உயர்த்தினால் முனை 87-க்கு வந்துவிடும். இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில் கை தானாகப் போய் உட்காரும் இடம் அது. அனுபவசாலிகள் பலர் 'முழங்கைக்கு மேல் இரண்டு அங்குலம்' என்று சொல்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம் கையால் அளந்தால் மூன்று விரல்.

அப்படியென்றால் இன்னும் உயர்த்தினால் இன்னும் நல்லதா? இல்லை. எல்லா உளியும் கைப்பிடி சரிந்து வேலை செய்வதில்லை. சுரண்டுகிற ஸ்க்ரேப்பரைத் தாங்கியின்மேல் தட்டையாக வைத்து, வாய் ஒரு மயிரிழை கீழ்நோக்கி இருக்கும்படி பிடிக்க வேண்டும். அப்போது கைப்பிடி மட்டமாகவோ சற்று மேல்நோக்கியோ இருக்கும், முன்கை அதன் நீளத்தோடு படிந்து கிடக்கும். கலசம் போன்ற பாத்திரங்களை உள்ளே குடைகிற நீண்ட கம்பியையும் அப்படித்தான் அக்குளோடு அல்லது விலாவோடு இறுக்கிப் பிடிக்கிறார்கள். இந்த வேலைகளுக்கு முழங்கை உயரம் அச்சாகப் பொருந்தும். லேத் அதற்கு மேலே பத்துப் பன்னிரண்டு செ.மீ. போய்விட்டால் முழங்கை விலாவை விட்டு வெளியே பறக்கிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது. உளியின் பின்முனைக்கு உடம்பில் அண்டக்கொடுக்க இடமே கிடைக்காது. பிறகு எல்லாவற்றையும் கை வலிமையாலேயே சமாளிக்க வேண்டும். உளி மரத்தில் திடீரென்று கடித்து இழுக்கும்போது பிடித்து நிறுத்த உடம்பு பின்னால் இருக்காது.

ஆகவே, உங்கள் நேரத்தில் பெரும்பகுதி எந்த வேலையில் போகிறது என்ற கேள்வி முன்னால் வருகிறது. பேனா, சிறிய குமிழ், சதுரங்கக் காய் மாதிரிப் பொடி வேலை செய்கிறவருக்கு விசை அதிகம் வேண்டாம், கண் வேண்டும். அவர் முழங்கைக்கு மேலே எட்டு செ.மீ. வரை போனாலும் தப்பில்லை. மேசைக்கால், கட்டில்கால் கடைகிறவர் ஸ்க்யூ என்கிற சாய்வாய் உளியை நாள் முழுக்கப் பிடிப்பார். அது மரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் வெட்டுகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள கட்டையில் மையத்துக்கு 50 பாகை மேலே வெட்டினால், வெட்டுமுனை ஏற்கனவே ஸ்பிண்டிலைவிட ஏறக்குறைய 4 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கைப்பிடியும் அவ்வளவாகச் சரியாது. அவருக்கு மூன்று விரலே அதிகமாகத் தோன்றலாம், ஒரு விரல் போதும்.

கிண்ணம் கடைகிறவருக்குத்தான் உண்மையான தொல்லை. கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைக் கடையும்போது கைப்பிடியை இடுப்புக்குக் கீழே இறக்க வேண்டும். கடைசியில் மெல்லிய சீவலாக எடுத்து மெருகேற்றும் கட்டத்தில் உளியைக் கிட்டத்தட்ட நின்றவாக்கில் பிடிக்க வேண்டியிருக்கும். லேத் தாழ்வாக இருந்தால் அப்போது பின்கை முட்டிக்குப் பக்கத்தில் போய்விடும். எனவே உயரம் வேண்டும். உள்பக்கத்துக்கு வந்ததும் கதை மாறுகிறது. கைப்பிடி மட்டத்துக்கு வருகிறது, பெட்டின் குறுக்கே சுழல வேண்டும். கூடவே கிண்ணத்தின் உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டும். எட்டிப் பார்க்கிற சிரமத்தை உயரம் தீர்க்காது. ஹெட்ஸ்டாக்கை, அதாவது ஸ்பிண்டிலைத் தாங்கும் தலைப்பகுதியை, திருப்ப முடிகிற லேத்திலும், அதைப் பெட்டின் கடைக்கோடிக்கு நகர்த்த முடிகிற லேத்திலும் கிண்ணத்துக்கு நேர் எதிரே நிமிர்ந்து நிற்கலாம். அந்த வசதி இல்லாத லேத்தை எந்த உயரத்தில் வைத்தாலும் பெரிய கிண்ணத்தின் உள்வேலையில் முதுகு கொஞ்சம் வளையத்தான் செய்யும். அதற்கு உயரத்தைத் திட்டிப் பயனில்லை. கண் பார்க்காமல் காது கேட்டு வெட்டப் பழகுவதும், அடிக்கடி லேத்தை நிறுத்தி விரலால் தடவிப் பார்ப்பதும்தான் அங்கே உதவும்.

உப்புத்தாள் தேய்ப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பல கிண்ணங்களில் கடைவதைவிடத் தேய்ப்பதற்குத்தான் அதிக நேரம் போகிறது. தாளை மரத்தின் கீழ்ப்பாதியில் பிடிப்பதுதான் பத்திரம், மரம் தாளைப் பறித்தாலும் கையை விட்டு விலகிப் போகும். கீழே பிடிக்கிறபோது பார்ப்பதற்காகக் குனிகிறோம், அதுவும் தூசிக்குள். பார்க்க வேண்டும் என்றால் லேத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன், இந்த அளவுகளெல்லாம் அதிலிருந்துதான் வந்தன. என் உயரம் 170. வாங்கியது மேசைமேல் வைக்கிற நடுத்தர லேத். அடியிலிருந்து ஸ்பிண்டில் மையம் வரை 30 செ.மீ. ஏற்கனவே இருந்த வேலை மேசையின் உயரம் 88. நல்ல கனமான மேசையாயிற்றே என்று அதன்மேலேயே போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன். மொத்தம் 118. முழங்கைக்கு மேலே 11 செ.மீ. இரண்டு மாதத்தில் வலத்தோள் இரவில் தூங்க விடாத அளவுக்கு வந்தது. உளியைத் தீட்டுவதில் ஏதோ குறை என்றுதான் முதலில் நினைத்தேன். (மொக்கை உளி உண்மையிலேயே இப்படிச் செய்யும். வெட்டாத உளியைத் தள்ளித் தள்ளி வரும் வலியை உயரத்தின்மேல் போட வேண்டாம். உளியைத் தீட்டிவிட்டுப் பிறகு அளங்கள்.) மேசைமேல் வைக்கும் லேத் வாங்குகிற பலரும் விழுகிற குழி இதுதான். வழக்கமான வேலை மேசை லேத்துக்கு உயரம் அதிகம். உங்கள் அளவிலிருந்து லேத்தின் சொந்த உயரத்தைக் கழித்தால் வருவதுதான் மேசையின் உயரம். எனக்கு அது 77-இலிருந்து 82-க்குள் வருகிறது.

அப்புறம் நான் செய்தது அவசரம். விதி முழங்கை என்கிறதே என்று மேசைக் காலில் அளந்து 11 செ.மீ. அறுத்துத் தள்ளினேன். லேத் 107-க்கு வந்தது. தோள் வலி போயிற்று. ஒரு வாரத்தில் முதுகு தொடங்கியது. அறுத்த காலை ஒட்ட முடியுமா? அடியில் இரண்டு தேக்குப் பலகைகளைக் கொடுத்து 5 செ.மீ. ஏற்றி 112-இல் நிறுத்தினேன். முதுகு பாதி சரியானது. பாதிதான்.

மீதிப் பாதிக்குக் காரணம் உயரமே இல்லை என்று கண்டுபிடிக்க இன்னும் சில மாதங்கள் ஆயின. லேத்தை நான் மேசையின் நடுவில் பொருத்தியிருந்தேன். மேசை விளிம்பிலிருந்து பெட் 18 செ.மீ. உள்ளே இருந்தது. வயிறு விளிம்பில் முட்டியபடி, அந்த 18 செ.மீ. தூரத்தை ஒவ்வொரு நொடியும் முதுகால் எட்டிக்கொண்டிருந்தேன். லேத்தைக் கழற்றி விளிம்புக்கு இழுத்துப் பொருத்தியதும் வலி நின்றது. உயரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். நிமிர்ந்து நிற்க முடியாமல் போவதற்கு உயரம் ஒரு காரணம், தூரம் இன்னொரு காரணம். இரண்டும் ஒரே இடத்தில்தான் வலிக்கும். கீழே கால்விரல் நுழைய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேசையின் அடிச்சட்டம் பாதத்தைத் தடுத்தால் ஆள் பின்னால் நிற்பார், பின்னால் நின்றால் குனிவார்.

கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் ஒரே கண்ணாடியில் பகுதி பிரித்திருந்தால், பக்கத்தில் பார்க்கும் பகுதி கீழே இருக்கும். வேலை உயரத்துக்கு வரவர, அந்தப் பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கும். லேத்தை உயர்த்தியதும் கழுத்து வலித்தால் உடனே இறக்கிவிடாதீர்கள். கண்ணிலிருந்து வேலை வரை உள்ள தூரத்தை அளந்து, அந்தத் தூரத்துக்கென்று ஒரே பார்வைக் கண்ணாடி ஒன்று போட்டுப் பாருங்கள். எதுவானாலும் அதன்மேல் முகம் முழுவதையும் மறைக்கிற, ஊடே பார்க்க முடிகிற கவசம் இருக்க வேண்டும். உயர்த்திய லேத்தில் மரம் முகத்துக்கு இன்னும் பக்கத்தில் சுழல்கிறது. உடைந்து தெறிக்கும் துண்டு, மரம் சுழலும் தளத்திலேயே பறக்கும். சுவிட்சைப் போடும்போது அந்தத் தளத்திலிருந்து விலகி நிற்கிற பழக்கம் எந்த உயரத்துக்கும் பொருந்தும்.

உயர்த்துவது என்று முடிவு செய்தால் லேத்தின் நிலைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். எட்டு கிலோ எடையுள்ள கிண்ணக் கட்டை, அதன் எடைமையம் அச்சிலிருந்து வெறும் 5 மி.மீ. விலகியிருக்கிறது என்று வைப்போம். நிமிடத்துக்கு 600 சுற்றில் அது லேத்தைச் சுமார் 16 கிலோ விசையோடு, நொடிக்குப் பத்து முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உலுக்கும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் விசை நான்கு மடங்கு, 64 கிலோ. அந்த உலுக்கல் நடப்பது ஸ்பிண்டில் உயரத்தில். லேத்தை எவ்வளவு ஏற்றுகிறோமோ அந்த அளவுக்குத் தரையில் காலை அகட்டி வைக்க வேண்டும். தனித்தனிச் செங்கல்லாக, மரத்துண்டாக அடுக்குவது வேண்டாம். இரு காலையும் சேர்த்துப் பிடிக்கும் முழு நீளக் கட்டையாகக் கொடுத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். கட்டை காலைவிட முன்னும் பின்னும் சில செ.மீ. நீண்டிருந்தால் நல்லது. கீழ்த்தட்டில் மணல் மூட்டை வைக்கலாம், எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக. நான்கு காலும் தரையில் படிகிறதா என்று ஒரு தாள் துண்டை அடியில் நுழைத்துப் பாருங்கள். மூன்று காலில் நிற்கிற லேத் எந்த உயரத்திலும் ஆடும். ஏற்றிய பிறகு சுவிட்ச் எங்கே போயிற்று என்றும் பார்க்க வேண்டும். உளியோடு இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும்போது தொடையாலோ இடுப்பாலோ தட்டி நிறுத்துகிற இடத்தில் சிவப்புப் பொத்தான் இருக்க வேண்டும்.

லேத்தை இறக்க முடியாவிட்டால் ஆளை ஏற்றலாம். வீட்டில் இரண்டு பேர் ஒரே லேத்தில் வேலை செய்தால் நெட்டையானவருக்கு ஏற்றபடி நிறுத்திவிட்டு, மற்றவருக்கு மேடை போடுவதுதான் சுலபம். மேடையில் கஞ்சத்தனம் கூடாது. லேத்தின் முழு நீளத்துக்கும் வேண்டும், இருபுறமும் ஓரடி அதிகமாக வேண்டும். கடைகிறவர் கீழே பார்ப்பதில்லை, ஒரு காலைப் பின்னால் எடுத்து வைக்கும்போது அங்கே பலகை இருக்க வேண்டும். விளிம்பில் மெல்லிய ரீப்பர் ஒன்றை ஆணியடித்து வைத்தால் செருப்புக்கே விளிம்பு தெரிந்துவிடும். பலகைகளை இடைவெளி விட்டு அடித்தால் சீவல் கீழே விழும், மேலே நின்று வழுக்காது.

மின்சாரம் வருவதற்கு முன்னால் மிதியால் இயங்கிய லேத்துகளில் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. ஒரு கால் மிதித்துக்கொண்டிருக்கும், மறுகாலில்தான் நிற்க வேண்டும். எனவே குனிந்தால் தடுமாறும். பின்னால் ஒரு பலகையில் முதுகையோ இடுப்பையோ சாய்த்துக்கொண்டு வேலை செய்தவர்கள் உண்டு. மோட்டார் வந்தபோது அந்தச் சாய்மானம் போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

உட்கார்ந்து கடைகிறவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருந்து கடைகிறவர்களுக்கும், அதே அளவை உட்கார்ந்த நிலையில் எடுக்க வேண்டும். ஆனால் அங்கே கைப்பிடி சரியும்போது தொடை தடுக்கும். மூன்று விரல் போதாது, கைப்பிடியைக் குட்டையாக்க வேண்டும், அல்லது லேத்தையே ஆளை நோக்கிச் சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்க்க வசதியுள்ள லேத்துகளும் இருக்கின்றன.  நின்று வேலை செய்கிறவர்களே பொறாமைப்படுகிற வசதி அது.

புதிதாக லேத் நிறுத்துகிறவருக்கு நான் சொல்வது, காலை அறுக்காதீர்கள் என்பதுதான். முழங்கைக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். லேத்தைப் போல்ட் போடாமல், சுவிட்சையும் போடாமல், ஒரு உருட்டுக் கட்டையை மாட்டி, நீங்கள் அதிகம் பிடிக்கிற உளியை அதன்மேல் வைத்துப் பிடியுங்கள். இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெல்லச் சாய்ந்து போய்வாருங்கள். பின்கை இடுப்பை விட்டுக் கீழே நழுவினால் ஒரு பலகை ஏற்றுங்கள். முழங்கை விலாவை விட்டு விலகினால் ஒன்றை எடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு செ.மீ. தடிமனுள்ள நாலைந்து ப்ளைவுட் துண்டுகள் இருந்தால் போதும். ஒத்து வந்த உயரத்தில் தற்காலிகமாக இறுக்கி ஒரு வாரம் வேலை செய்யுங்கள், மெதுவான வேகத்தில், சின்ன மரங்களில். முதல் நாள் எந்த உயரமும் விநோதமாகத்தான் இருக்கும், பழைய உயரத்துக்குப் பழகிய உடம்பு புதியதைத் தப்பு என்றே சொல்லும். மூன்றாம் நாள், நான்காம் நாள் மாலையில் கை எங்கே போகிறது என்று பாருங்கள். அதன் பிறகு நிரந்தரமான கட்டையைப் போடலாம்.

என் பட்டறைச் சுவரில் மூன்று பென்சில் கோடுகள் இருக்கின்றன. 118, 107, 112. போன மாதம் சிமென்ட் தரை கால் வலிக்கிறதே என்று லேத் முன்னால் 15 மி.மீ. ரப்பர் விரிப்பு ஒன்று போட்டேன். கால் வலி போயிற்று. நாலாம் நாள் சுவிட்சை அணைத்ததும் கை இடுப்புக்குப் பின்னால் போனது. பரணில் போட்டிருந்த ப்ளைவுட் துண்டுகளை எடுத்துத் தூசி தட்டி, ஒன்றரை செ.மீ. ஏற்றினேன். இப்போது கோடு நான்கு.